பழைய தெருவில் நிற்கும் பெட்டி

மயிலாப்பூர், சென்னை
ஞாயிறு காலை

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி பள்ளியில் சேர்ந்தது, பெருங்குடி வீட்டுக்கு ஃபைபர் இணைப்பு வந்தது, இரண்டும் நல்ல செய்தி. மூன்றாவது செய்திக்குத்தான் இந்தப் பதில் முழுவதும். புது ரௌட்டர் வைத்த நாளிலிருந்து நாஸ் பெட்டி (வீட்டு நெட்வொர்க்கில் கோப்புகளைச் சேமித்து வைக்கும் சாதனம்) திறக்கவில்லை, அப்பா பாடிய கேசட்டுகளெல்லாம் அதில்தான் இருக்கின்றன, ரீசெட் பட்டனை அழுத்தலாமா, டிரைவைக் கழற்றிக் கடையில் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறாய். இரண்டும் வேண்டாம். அப்பாவின் பாட்டுக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

எதை வைத்துச் சொல்கிறேன் என்றால், விளக்குகளைப் பற்றி நீ எழுதியிருப்பதை வைத்து. ஸ்டேட்டஸ் விளக்கு பச்சையாக நிலைத்து எரிகிறது, லேன் (நெட்வொர்க் கேபிள்) விளக்கு மினுக்குகிறது என்கிறாய். உன் சினாலஜி நிறுவனப் பெட்டியில் டிரைவுக்குச் சிக்கல் என்றால் ஸ்டேட்டஸ் ஆரஞ்சு நிறத்தில் மினுக்கும். கேபிள் போயிருந்தால் லேன் விளக்கு அணைந்தே கிடக்கும். டிரைவும் நலம், கேபிளும் நலம். பாக்கி இருப்பது முகவரி, அதாவது நெட்வொர்க்கில் பெட்டியை அடையாளம் காட்டும் ஐபி எண்.

பழைய ரௌட்டர் 192.168.0.1, புதியது 192.168.1.1 என்று குறித்திருக்கிறாய். கோளாறு அந்த மூன்றாவது எண்ணில் இருக்கிறது. சப்நெட் மாஸ்க் (முகவரியில் எது வரை தெரு என்று பிரித்துச் சொல்லும் எண்) 255.255.255.0 என்றால் முதல் மூன்று எண்ணும் தெருப்பெயர், கடைசி எண் கதவு எண். லேப்டாப்பும் போனும் ரௌட்டரிடமிருந்து தானாக முகவரி வாங்குகிறவை; தெரு மாறியதும் கூடவே மாறிவிட்டன. நாஸுக்கு மட்டும் 192.168.0.50 என்று கையால் போட்டு வைத்திருக்கிறாய். அது இன்னும் பழைய தெருவில் நிற்கிறது. லேப்டாப் அதைத் தேடும்போது, நம் தெரு இல்லை என்று ரௌட்டரிடம் தள்ளிவிடும். ரௌட்டருக்கும் அந்தத் தெரு தெரியாது.

பழைய ரௌட்டர் கையில் இருந்திருந்தால் வேலை சுலபம். நெட் இல்லாமலே அதை ஆன் செய்து, நாஸையும் லேப்டாப்பையும் அதில் செருகினால் எல்லாம் முன்போல் திறந்திருக்கும். இணைப்புக்காரர்கள் அதைத் திரும்ப வாங்கிப் போய்விட்டார்கள் என்பதால் லேப்டாப்பையே கொஞ்ச நேரம் பழைய தெருவுக்கு அனுப்ப வேண்டும்.

நாஸில் இருக்கும் கேபிளின் மறுமுனையை ரௌட்டரிலிருந்து எடுத்து நேராக லேப்டாப்பில் செருகு. கிராஸ் கேபிள் (இரண்டு கணினிகளை நேராக இணைக்க முன்பு தேவைப்பட்ட தனி வகை) தேவையில்லை, இப்போதைய போர்ட்டுகள் தாமே சரிசெய்துகொள்ளும். லேப்டாப்பில் லேன் போர்ட் இல்லையென்றால் யூஎஸ்பி-லேன் அடாப்டர் ஒன்று ரிச்சி தெருவில் கிடைக்கும். வைஃபையை அணைத்துவிடு, குழப்பம் குறையும். விண்டோஸ் செட்டிங்ஸில் ஈதர்நெட் பகுதிக்குப் போய், ஐபி அசைன்மென்ட்டை மேனுவல் ஆக்கி, ஐபிவி4-ல் 192.168.0.10 என்று போடு. மாஸ்க் 255.255.255.0. விண்டோஸ் 10-ல் மாஸ்க்குக்குப் பதில் பிரிஃபிக்ஸ் லெங்த் கேட்கும், அங்கே 24. கேட்வேயும் (தெருவை விட்டு வெளியே போகும் வாசலான ரௌட்டரின் எண்) டிஎன்எஸ்ஸும் (தளப் பெயரை எண்ணாக மாற்றித் தரும் சேவை) காலியாக இருக்கட்டும்.

இப்போது பிரவுசரில் 192.168.0.50:5000 என்று அடி. லாகின் பக்கம் வரும். கன்ட்ரோல் பேனல், நெட்வொர்க், நெட்வொர்க் இன்டர்ஃபேஸ், அதில் லேன். மேனுவலை எடுத்துவிட்டு டிஹெச்சிபி-யை (ரௌட்டரிடமிருந்து தானாக எண் வாங்கும் முறை) தேர்ந்தெடு. டிஎன்எஸ் சர்வர் இடத்தில் பழைய ரௌட்டரின் எண் எழுதியிருந்தால் அதையும் நீக்கு. அதை விட்டுவிட்டால் பெட்டி திறந்த பிறகும் அதற்கு நெட் கிடைக்காது, அப்டேட் வராது, எச்சரிக்கை மின்னஞ்சலும் போகாது. அப்ளை கொடுத்ததும் பக்கம் உறைந்து நிற்கும். பதறாதே. முகவரி கொடுக்க அங்கே ரௌட்டர் இல்லாததால் பெட்டி 169.254 என்று தொடங்கும் தற்காலிக எண்ணுக்குப் போயிருக்கும்.

கேபிளை ரௌட்டருக்கு மாற்று. லேப்டாப்பின் ஈதர்நெட்டை மறக்காமல் ஆட்டோமேட்டிக்குக்குத் திருப்பு. பலர் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான்: நாஸ் சரியாகியிருக்கும், லேப்டாப் பழைய தெருவில் மாட்டிக்கொண்டிருக்கும்.

பிறகு வைஃபையைப் போட்டு, பிரவுசரில் 192.168.1.1 என்று அடித்தால் வரும் ரௌட்டரின் அமைப்புப் பக்கத்தில் டிஹெச்சிபி கிளையன்ட் பட்டியலைப் பார்; எந்தச் சாதனத்துக்கு எந்த எண் என்று அதில் இருக்கும். நாஸில் ஒட்டியிருக்கும் மேக் முகவரி (சாதனத்துக்கே உரிய அடையாள எண்) எந்த வரியில் வருகிறதோ அதுதான் உன் பெட்டி. அந்த மேக்குக்கு 192.168.1.50-ஐ ரிசர்வ் செய்து பெட்டியை ஒருமுறை ரீஸ்டார்ட் செய். எண் மாறாமல் இருக்கும், ஆனால் அதைப் பிடித்து வைத்திருப்பது ரௌட்டர். நாளைக்கு ரௌட்டர் மறுபடி மாறினாலும் பெட்டி சிக்கிக்கொள்ளாது. கையால் எண் போடுவதைவிட எனக்கு இதுவே சரியென்று படுகிறது.

புது ரௌட்டரையே 192.168.0.1 ஆக்கிவிடலாமே என்று உன் மகன் கேட்டிருக்கிறான். நியாயமான கேள்வி. பிரின்டர், கேமரா டிவிஆர் என்று நாலைந்து சாதனங்களுக்குக் கையால் எண் போட்டிருந்தால் அதுதான் குறுக்கு வழி. உன்னிடம் இருப்பது ஒரே பெட்டி, அதை மட்டும் மாற்றினால் போதும்.

இன்னொன்றையும் பார்த்துவிடு. வாசல் பக்கம் ஃபைபர் பெட்டி, ஹாலில் சொந்த ரௌட்டர் என்று இரண்டு இருக்கிறதா? இரண்டும் ரௌட்டராக வேலை செய்தால் வீட்டுக்குள் இரண்டு தெரு உண்டாகிவிடும். நாஸ் ஃபைபர் பெட்டியிலும் லேப்டாப் ஹால் வைஃபையிலும் இருந்தால் பெயர் சொல்லித் தேடினால் அகப்படாது. நாஸ் கேபிளை ஹால் ரௌட்டரின் லேன் போர்ட்டுக்கு மாற்று, அல்லது ஹால் ரௌட்டரை ஆக்சஸ் பாயின்ட் (தனித் தெரு உண்டாக்காமல் வைஃபை மட்டும் தரும் நிலை) ஆக்கு. கெஸ்ட் வைஃபையிலிருந்து தேடினாலும் கிடைக்காது. விருந்தாளிகளை வீட்டுச் சாதனங்களிலிருந்து பிரித்து வைப்பதற்காகவே இருப்பது அது.

பிரவுசரில் திறக்கிறது, ஆனால் ஃபோல்டர் வரவில்லை என்றால் குற்றம் விண்டோஸ் பக்கம். புது ரௌட்டரை அது புது நெட்வொர்க்காகப் பார்த்து பப்ளிக் என்று குறித்துக்கொள்ளும். அதை பிரைவேட் ஆக்கு. பழைய எண்ணில் மேப் செய்த டிரைவை (லேப்டாப்பில் ஒரு டிரைவ் போலத் தெரியும் நாஸ் ஃபோல்டர்) துண்டித்துவிட்டு \\192.168.1.50 என்று புதிதாக மேப் செய். யாராவது எஸ்எம்பி1-ஐ (நெட்வொர்க்கில் ஃபோல்டர் பகிரும் முறையின் பழைய பதிப்பு) ஆன் செய்யச் சொன்னால் கேட்காதே. 2017-ல் வான்னாக்ரை என்ற தீய மென்பொருள் பரவியது அதில் இருந்த ஓட்டை வழியாகத்தான். நாஸில் குறைந்தபட்சம் எஸ்எம்பி2, அதிகபட்சம் எஸ்எம்பி3 என்று வை.

ரீசெட்டைக் கடைசி வழியாக வைத்துக்கொள். 4 விநாடி அழுத்தி ஒரு பீப் கேட்டதும் விட்டால் முக்கியமாக அட்மின் பாஸ்வேர்டும் நெட்வொர்க் அமைப்பும் வாங்கியபோது இருந்த நிலைக்குப் போகும், கோப்புகளுக்கு ஒன்றும் ஆகாது. விட்ட 10 விநாடிக்குள் மறுபடி அழுத்திப் பிடித்தால் மூன்று பீப் வரும். அது சிஸ்டத்தையே புதிதாகப் போடச் சொல்லும். பதற்றத்தில் கை அந்தக் கோட்டைத் தாண்டிவிடக் கூடாது. டிரைவைக் கழற்றுவதோ அதைவிட மோசம். அதில் இருப்பது ஈஎக்ஸ்டி4 அல்லது பிடிஆர்எஃப்எஸ் என்ற லினக்ஸ் கோப்பு அமைப்பு. விண்டோஸுக்கு அது புரியாது, ஃபார்மட் செய்யட்டுமா என்று கேட்கும். கடையில் யாராவது ஒருவர் சரி என்று அழுத்தினால் போதும்.

பெட்டி திறந்ததும் முதல் வேலையாக அப்பாவின் பதிவுகளை ஒரு யூஎஸ்பி ஹார்டு டிஸ்க்கில் நகலெடுத்து, அதை உன் தங்கை வீட்டில் வை. உள்ளே இரண்டு டிரைவ் இருப்பது ஒன்று பழுதானால் காப்பாற்றும். தவறுதலாக அழித்தால் இரண்டிலும் சேர்ந்தே அழியும்.

நடுவில் எங்காவது நின்றுவிட்டால் மூன்றை மட்டும் எழுதி அனுப்பு: லேப்டாப்பின் ஐபி, அதன் கேட்வே, நாஸுக்கு பிங் (ஒரு சாதனம் பதில் தருகிறதா என்று பார்க்கும் கட்டளை) கொடுத்தபோது வந்த பதில். பதிலை ஒரு எழுத்தும் மாற்றாமல் அப்படியே எழுது.

அன்புடன்,
உன் நண்பன்