அவளைப் பேச விடு

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதமும் பன்னிரண்டு கவிதைகளும் வந்து இருபது நாளாகிறது. இந்தத் தடவை தாமதத்துக்குக் காரணம் என் சோம்பல் இல்லை. வலது கண்ணில் புரை எடுத்தார்கள். படிக்காதே, குனியாதே, தலைக்கு ஊற்றாதே என்று ஏகப்பட்ட கட்டளை. கறுப்புக் கண்ணாடியோடு திண்ணையில் உட்கார்ந்திருந்தவனைப் பார்த்து, "தாத்தா, வில்லன் மாதிரி இருக்கீங்க" என்றாள் பேத்தி. உன் கவிதைகளை அவளைத்தான் படிக்கச் சொல்லிக் கேட்டேன். ஐந்தாவது கவிதையில் நிறுத்திவிட்டு, "எல்லாத்துலயும் ஏன் புகை வருது?" என்றாள்.

நியாயமான கேள்வி. எண்ணிப் பார்த்தோம். ஒன்பது கவிதைகளில் சிகரெட், எட்டில் மழை, ஆறில் ஜன்னல் சட்டத்தின் நிழல் யார் முகத்திலோ கோடு போடுகிறது. வாழ்நாளில் ஒரு பீடியைக்கூடத் தொடாதவன் நீ! நுவார் படங்களின், அதாவது இருட்டும் குற்றமும் நிறைந்த அந்தக் கால ஹாலிவுட் படங்களின், பழைய காதலைக் கவிதையாக்க உனக்கு ஆசை, சரி. ஆனால் அந்தப் படங்களை எடுத்தவர்களுக்கே தாங்கள் எடுப்பது 'நுவார்' என்று தெரியாது. 1946-இல் பாரிஸில் நினோ ஃபிராங்க் என்ற விமர்சகர் வைத்த பெயர் அது, பிரெஞ்சில் 'கறுப்பு' என்று அர்த்தம். நீ அந்தப் பெயரைப் பார்த்து எழுதுகிறாய், அதனால்தான் இத்தனை இருட்டு.

டிவி பார்க்கலாம் என்று டாக்டர் சொன்ன அன்றைக்கே 'இன் எ லோன்லி பிளேஸ்' பார்த்தேன். 1950-இல் வந்தது, நிக்கோலஸ் ரே இயக்கியது. ஹம்ஃப்ரி போகார்ட் ஒரு ஹாலிவுட் கதாசிரியன், பெயர் டிக்ஸ். கொலைச் சந்தேகம் அவன்மேல் விழுகிறது. எதிர்வீட்டு லாரல், குளோரியா கிரஹாம், அவனுக்குச் சாதகமாகப் போலீஸிடம் சாட்சி சொல்கிறாள். காதல் அங்கே தொடங்குகிறது. அவனுடைய மூர்க்கத்தைப் பார்க்கப் பார்க்க, சாட்சி சொன்னவளுக்கே, ஒருவேளை கொன்றிருப்பானோ என்று சந்தேகம் வந்துவிடுகிறது.

ஒரு இரவு வழியில் ஒருவனை அடித்து நொறுக்கிவிட்டு, காரில் டிக்ஸ் மூன்று வரி சொல்கிறான். "அவள் முத்தமிட்டபோது பிறந்தேன். அவள் பிரிந்தபோது இறந்தேன். அவள் காதலித்த சில வாரங்கள் வாழ்ந்தேன்." திரைக்கதையில் எங்கேயாவது வைக்க வேண்டும், இடம்தான் தெரியவில்லை என்கிறான். என்னைக் கேட்டால் வரிகள் சுமார்தான். கல்லூரி மலரில் நாம் எழுதியது மாதிரி.

ஆனால் கடைசியில் பார். கொலைகாரன் வேறொருவன் என்று போலீஸிடமிருந்து போன் வருகிறது. அதற்குள் எல்லாம் முறிந்துவிட்டது. அவன் முற்றத்தைக் கடந்து நடக்கிறான். வாசலில் நிற்கும் லாரல் மூன்றாவது வரியை மட்டும் சொல்கிறாள்: "நீ காதலித்த சில வாரங்கள் வாழ்ந்தேன்." பிறந்ததையும் இறந்ததையும் விட்டுவிட்டாள். 'அவள்' போய் 'நீ' வந்துவிட்டது. ஆனால் அந்த 'நீ' காது கேட்கும் தூரத்தில் இல்லை. சுமாரான வரி, வாய் மாறியதும் என்னவாகிவிட்டது!

நமக்கு இது புதுசா மாப்ளே? தமிழய்யா அகப்பாட்டு நடத்தும்போது முதலில் கேட்பது 'யார் கூற்று' என்றுதானே? தலைவன் சொன்னால் ஒரு அர்த்தம், அதையே தலைவி தோழியிடம் சொன்னால் வேறு. உன் பன்னிரண்டிலும் தலைவன் கூற்றுதான். அவள் நிற்கிறாள், உதட்டுச் சாயம் பூசுகிறாள், துரோகம் செய்கிறாள். ஒரு வார்த்தை பேசுவதில்லை.

ஏழாவது மட்டும் கிட்டத்தட்ட. போலீஸ்காரர் கேட்கும்போது, "அன்றைக்கு அவர் வீட்டில்தான் இருந்தார்" என்று அவள் சொல்கிறாளே, அது. ஆனால் உடனே நீ உள்ளே புகுந்து அவள் கண்களை நாலு வரி வர்ணித்துவிட்டாய். அந்த நாலையும் வெட்டு. பொய்யா நிஜமா என்று நமக்கே தெரியாமல் இருக்கட்டும்.

இன்னொன்று. அந்தப் படத்தில் முதலில் எழுதப்பட்ட முடிவில் டிக்ஸ் லாரலைக் கழுத்தை நெரித்துக் கொன்றுவிடுவான். ரேதான் மாற்றினார். அப்போது அவருக்கும் குளோரியா கிரஹாமுக்கும் கல்யாண வாழ்க்கை உடைந்துகொண்டிருந்தது. உன் பதினோராவது கவிதையில் துப்பாக்கி வெடிக்கிறதே, அதைப் பற்றி இதற்குமேல் நான் எதுவும் சொல்லப்போவதில்லை.

அடுத்த மாதம் இடது கண். அதற்குள் ஏழாவதைத் திருத்தி அனுப்பு, பேத்திக்குப் பள்ளி திறந்துவிட்டால் படித்துக்காட்ட ஆள் இல்லை. தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். அவள் அனுப்பிய நார்த்தங்காய் ஊறுகாய் தீர்ந்துவிட்டது, இதையும் சொல்.

உன்
மச்சான்