மாடிப்படிக்குக் கீழே நிற்கும் சைக்கிள்களுக்காக

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

வட சென்னையில் உள்ள ஒரு பழைய வீட்டுவசதி வாரியக் குடியிருப்பிலிருந்து எழுதுகிறோம். இங்கே சும்மா நிற்கும் சைக்கிள்களைச் சரிசெய்து வேலைக்குப் போகும் பெண்களுக்குக் கொடுக்க உங்கள் உதவி வேண்டும். இங்கே எந்த பிளாக்கில் நுழைந்தாலும் மாடிப்படிக்குக் கீழே ஏழெட்டு சைக்கிள்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கும். பெரும்பாலானவை பதினொன்றாம் வகுப்பில் அரசு கொடுத்த விலையில்லா சைக்கிள்கள். 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கிய திட்டம் அது. பிறகு மற்ற மாணவ மாணவியருக்கும் வந்தது. எங்கள் வீடுகளில் பலருக்குச் சொந்தமான முதல் வண்டியே அதுதான். பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பை முடித்து வேலைக்கோ கல்லூரிக்கோ போனதும், ஒரு பஞ்சரோடு படிக்குக் கீழே போன வண்டி அப்படியே நின்றுவிடுகிறது.

போன ஜூன் மாதம் எங்கள் குழுவினர் ஆறு பிளாக்குகளிலும் எண்ணிப் பார்த்தோம். ஓட்ட ஆளில்லாமல் 47 சைக்கிள்கள் இருந்தன. வால்ட்யூபை மாற்றிக் காற்றடித்ததுமே 11 வண்டிகள் ஓடின. மற்றவற்றுக்குக் கொஞ்சம் வேலை இருக்கிறது. காற்றில்லாமல் நிற்கும் டயர், ரிம்முக்கும் தரைக்கும் நடுவில் நசுங்கி ஓரத்தில் வெடித்துவிடும். கடற்காற்றில் செயின் துருவேறி மடங்காது. கிரீஸ் காய்ந்தால் அச்சில் பால்ஸ் என்கிற இரும்புக் குண்டுகள் உரசும். ஆனாலும் ஃபிரேம் எல்லாம் கெட்டியாகவே இருக்கிறது. நாற்பது வருடமாகப் பக்கத்துத் தெருவில் சைக்கிள் கடை வைத்திருக்கும் பெரியவர் ஒவ்வொரு வண்டியையும் தட்டிப் பார்த்துவிட்டு, மூன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் ஓவராயில் செய்து, அதாவது முழுதாகக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டி, ஓட வைக்கலாம் என்றார்.

சரி, ஓட வைத்து யாருக்குக் கொடுப்பது? எங்கள் குழுவில் ஓர் அக்கா இருக்கிறார். மூன்று வீடுகளில் சமையல் வேலை செய்கிறார். முதல் வீட்டில் ஐந்தரை மணிக்குக் காபி கொடுத்தாக வேண்டும். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அந்தச் சேமிப்பு எங்கள் வீட்டுப் பெண்களுக்கு எவ்வளவு பெரியது என்பது எங்களுக்குத்தான் தெரியும். ஆனால் அவர் போகும் வழியில் அந்நேரத்துக்குப் பேருந்து கிடையாது. மூன்று கிலோமீட்டர் இருட்டில் நடந்துதான் போனார். சென்ற ஆண்டு, 43 வயதில், மகனின் பள்ளி சைக்கிளில் ஓட்டக் கற்றுக்கொண்டார். நாங்கள் மாற்றி மாற்றிக் கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினோம். நாற்பது நிமிட நடை இப்போது கால் மணி நேரம். காலையில் கூடுதலாக அரை மணி தூங்க முடிகிறது என்பதுதான் அவர் எங்களிடம் முதலில் சொன்ன சந்தோஷம்.

அவரைப் பார்த்து இன்னும் பதினாறு பேர் கேட்டிருக்கிறார்கள். தூய்மைப் பணிக்குப் போகிறவர்கள், இட்லிக் கடை போடுகிறவர்கள், இரவு ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள். சென்னை பெரும்பாலும் மேடுபள்ளமில்லாத ஊர். மூன்று, நான்கு கிலோமீட்டருக்கு சைக்கிளைவிடச் செலவு குறைந்த வண்டி வேறு இல்லை.

இந்த வயதில் என்ன சைக்கிள் என்று கேட்பவர்களும் உண்டு. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி என்கிற எழுத்தறிவு இயக்கம் எழுத்தோடு சேர்த்து சைக்கிள் ஓட்டவும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. பல்லாயிரக்கணக்கான பெண்கள் கற்றார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது பார் வைத்த வண்டியையே எடுத்து ஓட்டினார்கள். எங்கள் குழுவில் மூத்தவரான அம்மா அப்போது அங்கே கற்றுக்கொண்டவர். எங்களுக்கு இந்த யோசனையைக் கொடுத்தவரும் அவர்தான்.

குடியிருப்போர் சங்கம் பழைய மோட்டார் அறையை எங்களுக்கு ஒதுக்கியிருக்கிறது. அதைப் பொது சைக்கிள் பட்டறையாக்கப் போகிறோம். ஞாயிறு காலையில் கடைக்காரப் பெரியவர் வந்து பஞ்சர் ஒட்டுவது, பிரேக் கட்டை மாற்றுவது, ரிம்மில் கோட்டம் எடுப்பது எல்லாம் சொல்லித் தருவார். பணம் வேண்டாம், மதியச் சாப்பாடு மட்டும் போதும் என்று சொல்லிவிட்டார். சொந்தக்காரரின் சம்மதம் கிடைத்த வண்டிகளை மட்டுமே எடுப்போம். தயாரானதும், வேலைக்குப் போகும் பெண்களுக்கு முதலில் கொடுப்போம். வாடகை இல்லை, நோட்டில் பெயர் எழுதினால் போதும்.

இதற்கு மொத்தம் 85,000 ரூபாய் தேவை. முதல் கட்டமாக 30 வண்டிகள். டயர், டியூப், செயின், பிரேக் கட்டை, கூலி இல்லாத ஓவராயில் என்று வண்டிக்கு 1,500 வீதம் 45,000. ஸ்பானர் செட், கோட்டம் எடுக்கும் ஸ்டாண்டு, பெரிய பம்பு உள்ளிட்ட கருவிகளுக்கு 18,000. அறையின் கதவு, அலமாரி, மின்விளக்குக்கு 10,000. மீதி 12,000 பூட்டுக்கும் முன்பின் விளக்குக்கும். விளக்கு எதற்கு, அதைக் குறைக்கலாமே என்று சிலர் சொன்னார்கள். நாங்கள் குறைக்கவில்லை. விடியற்காலை நாலே முக்காலுக்குக் கன்டெய்னர் லாரிகள் போகும் சாலையில் பின்விளக்கு இல்லாமல் ஒரு பெண்ணை அனுப்ப எங்களுக்கு மனம் வராது.

வீட்டுக்கு வீடு நூறு, இருநூறாக இதுவரை 22,000 சேர்ந்திருக்கிறது. இன்னும் 63,000 வேண்டும். 1,500 ரூபாய் கொடுத்தால் ஒரு வண்டி எழுந்து நிற்கும். 400 ரூபாய் ஒரு வண்டியின் பூட்டுக்கும் விளக்குக்கும் ஆகும். ஐம்பது ரூபாயும் எங்களுக்குப் பெரிய உதவிதான், அதற்கும் ரசீது உண்டு. உங்கள் வீட்டில் சும்மா கிடக்கும் சைக்கிள், பழைய ஸ்பானர், நல்ல நிலையில் உள்ள டைனமோ எதையும் தரலாம். 28க்கு ஒன்றரை அளவு டயர் இருந்தால் கண்டிப்பாகச் சொல்லுங்கள், எங்கள் வண்டிகளில் பாதிக்கு அந்த அளவுதான்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால், செப்டம்பர் கடைசிக்குள் தொகை சேர்ந்தால் நல்லது. இன்னொரு மழைக்காலம் படிக்குக் கீழே தண்ணீரில் நின்றால் பல வண்டிகளின் ரிம் அரித்துவிடும். அப்புறம் செலவு இரட்டிப்பாகும்.

வாங்கும் ஒவ்வொரு பொருளின் பில்லும் மோட்டார் அறைக் கதவில் ஒட்டப்படும். ஞாயிறுதோறும் காலை ஏழு முதல் பத்து மணி வரை குழுவினர் அங்கே இருப்போம். நேரில் வந்து கொடுங்கள். வரும்போது உங்கள் சைக்கிளையும் கொண்டு வந்தால் காற்றடித்து, செயினுக்கு எண்ணெய் போட்டு அனுப்புகிறோம்.

அன்புடன்,
சைக்கிள் பட்டறைக் குழுவினர்