பெரிய வீட்டில் ஞாயிறன்று குழாய் வேலை

பங்காளிகள் அனைவருக்கும் வணக்கம். இரண்டாங்கட்டுப் புதுக் குளியலறைக்கு, பழைய பிவிசி குழாயை அறுத்து டீ (T வடிவ இணைப்பு) போட்டுக் கிளை எடுக்கிறோம். வரும் ஞாயிறு காலை 8 மணிக்கு வேலை.

1. வீட்டில் இருப்பவர்கள் சனி இரவே அண்டா, வாளிகளில் தண்ணீர் பிடித்துவிடுங்கள்.
2. 7.30க்குத் தொட்டி வால்வை மூடுவோம். தயவுசெய்து யாரும் திறக்க வேண்டாம். குழாயில் ஈரம் இருந்தால் பசை பிடிக்காது. போன முறை யாரோ கால் கழுவத் திறந்துவிட, ஒட்டிய டீ கையோடு வந்தது, ஞாபகம் இருக்கும்.
3. ஒட்டு இறுக 24 மணி நேரம் விடுகிறோம். தண்ணீர் திங்கள் மாலைதான்.
4. குழாய் சுவரோரமாகப் போகும். தரையின் ஆத்தங்குடிக் கல்லைத் தொட மாட்டோம், ஆச்சி கவலைப்பட வேண்டாம்.
5. கிளைக்குத் தனி வால்வு உண்டு.

வருபவர்கள் வெள்ளிக்குள் சொல்லுங்கள், சாப்பாடு சொல்ல வேண்டும்.