மேஸ்த்ர் பிற்போக்காளர் மட்டும்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு,

பிரெஞ்சுப் புரட்சி குறித்த உங்கள் ஞாயிறு கட்டுரை, அந்தப் புரட்சியை எதிர்த்த சிந்தனையாளர் ஜோசப் தெ மேஸ்த்ரை ‘பிற்போக்காளர்’ என்ற ஒரே சொல்லில் கடந்துவிட்டது. அவர் பிற்போக்காளர்தான், மறுக்கவில்லை. சமூக ஒழுங்கே மரண தண்டனையை நிறைவேற்றுபவனின் தோளில் நிற்கிறது என்று எழுதியவரை என்னால் கொண்டாட முடியாது.

ஆனால் 1797-இல் அவர் எழுப்பிய கேள்வி இன்னும் முள்ளாகக் குத்துகிறது. பிரெஞ்சுக்காரரைக் கண்டிருக்கிறேன், இத்தாலியரை, ரஷ்யரைக் கண்டிருக்கிறேன்; வெறும் ‘மனிதன்’ என்பவனை வாழ்நாளில் சந்தித்ததில்லை என்றார். எந்த மண்ணிலும் இல்லாத அந்த ஆளுக்குத் தைத்த சட்டைதான் பிரான்சின் 1795-ஆம் ஆண்டு அரசியலமைப்பு என்பது அவர் வாதத்தின் சாரம். முடியாட்சி திரும்பும் என்றார், 1814-இல் திரும்பியது.

சறுக்கியதும் உண்டு. அமெரிக்காவில் வாஷிங்டன் நகரம் எழாது, அல்லது அதற்கு அந்தப் பெயர் இராது, அல்லது காங்கிரஸ் அங்கே கூடாது என்று ஒன்றுக்கு ஆயிரம் பந்தயம் கட்டலாம் என்றார். காகிதத்தில் வரைந்து உண்டாக்கும் எதுவும் வேர் பிடிக்காது என்ற பிடிவாதம்! 1800-இலேயே காங்கிரஸ் அங்கே கூடிவிட்டது.

அடுத்த முறை அவருக்கு இரண்டு பத்தியாவது ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்