34 வெள்ளியை எங்கே திரும்பப் போடுவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு தங்கள் வணிகப் பக்கத்தில் வந்த ‘அன்றே வாங்கியிருந்தால்’ கட்டுரையைக் காப்பிக்கடையில் உட்கார்ந்து இரண்டு முறை படித்தேன். பார்க்வே லைஃப் ரீட் (கட்டடங்களை வாடகைக்கு விட்டு, அந்த வருமானத்தை முதலீட்டாளர்களுக்குப் பங்கீடாகப் பிரித்துத் தரும் அறக்கட்டளை) 2007 ஆகஸ்டில் சிங்கப்பூர்ப் பங்குச் சந்தைக்கு வந்தபோது வாங்கி, வந்த பங்கீட்டையெல்லாம் அதிலேயே திரும்பப் போட்டு, நடுவில் கையே வைக்காமல் இருந்திருந்தால் இன்று எவ்வளவு ஆகியிருக்கும் என்ற கணக்கு. கூட்டல் பெருக்கலில் தப்பு இல்லை. ஆனால் அந்தக் கணக்கில் வருகிற ஆளை நான் எங்கும் பார்த்ததில்லை. நானே அன்று வாங்கியவன், அதனால் சொல்கிறேன்.

அப்போது தீவின் வடக்கே ஒரு கப்பல் பட்டறையில் மின்சாரப் பிரிவில் இருந்தேன். கூட வேலை பார்த்த ஒரு சீன நண்பர்தான் இதைச் சொன்னார். ஆஸ்பத்திரி நடத்துவது கஷ்டம், ஆஸ்பத்திரிக் கட்டடத்துக்கு வாடகை வாங்குவது சுலபம் என்பது அவர் வாதம். மவுண்ட் எலிசபெத், கிளெனீகல்ஸ், இன்று பார்க்வே ஈஸ்ட் என்று அழைக்கப்படும் ஈஸ்ட் ஷோர் ஆகிய மூன்று மருத்துவமனைக் கட்டடங்கள். 15 ஆண்டு குத்தகை. விலைவாசி எவ்வளவு ஏறுகிறதோ அதற்கு மேல் ஒரு விழுக்காடாவது வாடகை ஏறும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தது. என் சம்பளத்துக்கு யாரும் அப்படி எழுதித் தந்ததில்லை. சரி என்று ஏடிஎம்மில் விண்ணப்பித்தேன். யூனிட்டுக்கு, அதாவது ரீட்டின் ஒரு பங்குக்கு, 1 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) 28 காசு விலையில் இரண்டு லாட், அதாவது 2,000 யூனிட், கிடைத்தது. 2,560 வெள்ளி.

இப்போது திரும்பப் போடும் கதைக்கு வருவோம். 2008-இல் யூனிட்டுக்கு 6.83 காசு பங்கீடு தந்தார்கள். என் 2,000 யூனிட்டுக்கு வருடம் முழுக்க 136 வெள்ளி 60 காசு. அதையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிரித்துத் தந்தார்கள். ஒரு தடவைக்குச் சுமார் 34 வெள்ளி. அந்தக் காலத்தில் ஒரு லாட் என்றால் 1,000 யூனிட், அதற்குக் குறைந்து சாதாரணமாக வாங்க முடியாது. 2015 ஜனவரியில்தான் அதை 100 யூனிட்டாகக் குறைத்தார்கள். என் தரகுக் கட்டணம் எவ்வளவு சின்ன வாங்கலானாலும் 25 வெள்ளி. கையில் இருப்பதோ 34. இதை எங்கே, எப்படித் திரும்பப் போடுவது என்று தங்கள் கட்டுரையாளர் சொன்னால் நன்றாக இருக்கும். நான் தேக்கா சந்தையில் போட்டேன். மீனும் காய்கறியும் கிடைத்தன.

அப்புறம் 2009 வந்தது. பட்டறையில் கூடுதல் நேர வேலை அடியோடு நின்றுவிட்டது. மகன் பலதுறைத் தொழிற்கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. பிப்ரவரியில் ஒரு லாட்டை விற்றேன். யூனிட்டுக்கு ஒரு வெள்ளிகூடக் கிடைக்கவில்லை. மருத்துவமனைகள் நிறைந்துதான் இருந்தன, வாடகை ஒழுங்காக வந்துகொண்டுதான் இருந்தது, பங்கீடுகூட ஏறியது. விலை மட்டும் இறங்கிக் கிடந்தது. கப்பலுக்கு வேலை இல்லாத அதே மாதத்தில்தான் பங்குக்கும் விலை இல்லாமல் போகும் என்பதை எனக்கு யாரும் முன்னால் சொல்லவில்லை. ‘நடுவில் கை வைக்காமல்’ என்று கட்டுரையில் மூன்று சொல்லில் கடந்துபோன இடம் இதுதான்.

மற்ற லாட் எப்படித் தப்பியது என்று கேட்டால், அதில் என் சாமர்த்தியம் ஒன்றும் இல்லை. ஒரு லாட் விற்ற பணமே அந்த முறை போதுமானதாக இருந்தது. பிறகு கணக்கு அறிக்கைகளை மனைவி பிஸ்கட் டின்னில் போட்டு மூடிவிட்டார். பல ஆண்டுகள் நான் விலையைப் பார்க்கவே இல்லை.

சென்ற வாரம் கட்டுரையைப் படித்த சூட்டில் அந்த டின்னைத் திறந்தேன். 2024-இல் பங்கீடு யூனிட்டுக்கு 14.92 காசு, அதாவது 2008-இல் தந்ததைப் போல இரண்டு மடங்குக்கு மேல். 1,280 வெள்ளி கொடுத்து வாங்கிய அந்த ஒரு லாட் 17 ஆண்டுகளில் பங்கீடாக மட்டும் 2,000 வெள்ளியை ஒட்டித் தந்திருக்கிறது. 2024 முடிவில் விலையும் 4 வெள்ளிக்குச் சற்றுக் கீழே. அதே 1,280 வெள்ளி சம்பளத்தில் பிடித்துச் சேர்க்கும் மத்திய சேமநிதியின் சாதாரணக் கணக்கில் 2.5 விழுக்காட்டு வட்டியில் கிடந்திருந்தால் ஏறக்குறைய 1,950 வெள்ளி ஆகியிருக்கும். ஆக, நல்ல முதலீடுதான். நான் புலம்பவில்லை. விற்ற லாட்டை நினைத்தால்தான் கொஞ்சம் வயிறு எரிகிறது.

இதில் ஒரு வேடிக்கை. எங்கள் வீட்டில் யாரும் அந்த மூன்று மருத்துவமனைகளில் படுத்ததில்லை. எங்களுக்கு பலதுறை மருந்தகமும் அரசாங்க மருத்துவமனையும்தான். மவுண்ட் எலிசபெத்துக்கு ஒரே ஒரு தடவை போனேன், பட்டறையின் பழைய மேலாளரைப் பார்க்க, பழக்கூடையோடு. மின்தூக்கிக்குக் காத்திருந்தபோது சுவரில் கை வைத்து, இதில் ஒரு செங்கல்லாவது நம்முடையது என்று நினைத்துக்கொண்டேன். அந்தச் செங்கல்லின் வாடகையும் மேலாளரின் கட்டணச் சீட்டில் எங்கேயோ இருந்திருக்கும்.

முக்கியமான விஷயம் இனிமேல்தான். சிங்கப்பூரில் இதற்கு முன்பே, 2006 டிசம்பரில், 71 காசுக்கு ஒரு மருத்துவமனை ரீட் பட்டியலிடப்பட்டது. ஃபர்ஸ்ட் ரீட். அதற்கும் மருத்துவமனைக் கட்டடம், நீண்டகாலக் குத்தகை, ஒழுங்கான பங்கீடு எல்லாம் இருந்தன. சில ஆண்டுகளுக்கு முன்புவரை விலையும் ஒரு வெள்ளியைத் தாண்டி நின்றது. ஆனால் கட்டடங்களில் பெரும்பாலானவை இந்தோனேசியாவில், பெரும்பகுதி வாடகையைத் தரவேண்டியது ஒரே குழுமம். வாடகை சிங்கப்பூர் வெள்ளியில் கணக்கிடப்பட்டது; ரூப்பியா விழ விழ வாடகைதாரருக்குப் பாரம் கூடிக்கொண்டே போனது. கடைசியில் குத்தகையைத் திருத்தி எழுதவேண்டி வந்தது. 2021-இன் தொடக்கத்தில், வைத்திருந்த ஒவ்வொரு 100 யூனிட்டுக்கும் 98 புதிய யூனிட் வீதம், 20 காசுக்கு உரிமை வெளியீடு நடந்தது, அதாவது ஏற்கெனவே வைத்திருந்தவர்களிடமே மேலும் பணம் கேட்டார்கள். அதுவரை பங்கீடு வரவில்லை என்று நான் சொல்லமாட்டேன், வந்தது. ஆனாலும் ‘அன்றே ஃபர்ஸ்ட் ரீட் வாங்கியிருந்தால்’ என்று ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கட்டுரை வந்ததாக எனக்கு நினைவில்லை. ஓடி ஜெயித்த குதிரையைப் பிடித்துவைத்துக்கொண்டு, பந்தயத்துக்கு முன் இதன்மேல் கட்டியிருந்தால் என்று கேட்பது என்ன கணக்கு?

தேதி விஷயமும் அப்படித்தான். பார்க்வே லைஃப் 2021-இன் பிற்பகுதியில் 5 வெள்ளிக்கு மேல் போனது. வட்டி ஏறியதும் 4 வெள்ளிக்குக் கீழே வந்தது. கட்டுரையாளர் எந்த நாளில் கணக்கை முடிக்கிறாரோ அந்த நாளுக்கு ஏற்றபடி முடிவும் மாறும். ஜப்பானின் தாதிமை இல்லங்கள், 2024-இல் பிரான்சில் வாங்கியவை, மருத்துவமனைகளின் புதிய குத்தகை 2042 வரை இருப்பது, இதெல்லாம் இனி வாங்க நினைப்பவருக்குத் தேவையான செய்திகள். இவற்றைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிதான் இருந்தது. பெரிய எழுத்தில் போட்டதோ அந்தக் கற்பனைத் தொகையை.

அந்தப் பத்தி தொடர்ந்து வரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். வரட்டும். அடுத்த முறை பங்கீட்டை வீட்டுச் செலவுக்கு எடுத்து, 2009 பிப்ரவரியில் பாதியை விற்ற ஒருவருக்கும் ஒரு கணக்குப் போடச் சொல்லுங்கள். ரசீதுகள் பிஸ்கட் டின்னில் பத்திரமாக இருக்கின்றன. கேட்டால் நகல் எடுத்து அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கப்பல் பட்டறை ஊழியர்,
ஈசூன்.