படிப்புக்கு உபகரணம் குடுக்குறதுக்கு முன்னாடி அந்தப் பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை கேளுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் மண்டபம் பக்கம் ஜெராக்ஸ் எடுக்குறது, ஆன்லைன் அப்ளிகேஷன் போடுறதுனு ஒரு சின்ன கம்ப்யூட்டர் சென்டர் நடத்துறேன். பாம்பன், தங்கச்சிமடம், உச்சிப்புளி, பெரியபட்டினம்னு சுத்துவட்டாரத்துல இருக்குற மாற்றுத்திறனாளி பிள்ளைங்க யூடிஐடி கார்டுக்கும் (மாற்றுத்திறனாளிகளுக்கான அடையாள அட்டை) ஸ்காலர்ஷிப்புக்கும் காலேஜ் அட்மிஷனுக்கும் அம்மா அப்பாவோட என் கடைக்கு வருவாங்க. அட்மிஷன் கிடைச்சா எல்லாருக்கும் சந்தோஷம்தான், ஆனா அதுக்கப்புறம் அந்தப் பிள்ளை எதை வச்சுப் படிக்கும்னு யாரும் யோசிக்கிறதே இல்ல, அதைப் பத்தி உங்க பேப்பர்ல எழுதணும்னு ரொம்ப நாளா மனசுல கிடக்கு.

முதல்ல சட்டத்துல இருக்குற ஒரு ஓட்டையைச் சொல்லிடுறேன். 2016ல வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தோட 17வது பிரிவுல, 40 சதவீதமும் அதுக்கு மேலயும் குறைபாடு இருக்குற மாணவங்களுக்கு புத்தகம், படிப்புச் சாமான், தகுந்த உதவி உபகரணம் எல்லாம் இலவசமா குடுக்கணும்னு இருக்கு, ஆனா 18 வயசு வரைக்கும்தான். ஒரு பிள்ளை பிளஸ் டூ முடிச்சு காலேஜ் வாசல்ல கால் வைக்கிறப்ப வயசு என்ன? 17, 18. சரியா எப்போ பாடம் கஷ்டமாகுதோ, எப்போ ஊரைவிட்டு பஸ் ஏறி தனியா போய்ப் படிக்கணுமோ, அப்பத்தான் அந்த உரிமை முடிஞ்சுபோகுது. அதே சட்டத்துல 5 சதவீத இடஒதுக்கீடு குடுத்திருக்காங்க, உயர்கல்வியில சேர வயசு வரம்புல 5 வருஷம் சலுகையும் குடுத்திருக்காங்க. இடத்தைக் குடுத்துட்டு படிக்கிறதுக்கு வேண்டிய சாமானை 18 வயசோட நிறுத்துனா என்ன நியாயம் இது?

அதுக்காக பதினெட்டு தாண்டுனா ஒண்ணுமே கிடையாதுனு சொல்றவங்க பேச்சையும் நம்பாதீங்க. 16வது பிரிவு வேற சொல்லுது. அரசு நிதி வாங்குற, அரசு அங்கீகாரம் இருக்குற எல்லாக் கல்வி நிறுவனமும் அந்தந்த ஆளோட தேவைக்கு ஏத்த மாதிரி ஏற்பாடு செஞ்சு குடுக்கணும்னு இருக்கு. இதுல வயசுக் கணக்கு இல்ல. மாநில அரசு திட்டத்துல லேப்டாப், ஸ்மார்ட்போன்னு குடுக்கத்தான் செய்றாங்க, அது நல்ல விஷயம், நான் குறை சொல்லல. ஆனா எல்லாருக்கும் ஒரே சாமான், அதுதான் பிரச்சனை. நம்ம ஊர்ல வலைக்கடைக்குப் போய் வலை வேணும்னு சொன்னா, கடைக்காரர் நண்டுக்கா சூடைக்கா, கண்ணி எவ்வளவுனு கேக்காம எடுத்துக் குடுக்கமாட்டாரு. படிக்கிற பிள்ளைக்குக் குடுக்குற சாமானுக்கு மட்டும் அந்தக் கேள்வி கிடையாது.

என்கிட்ட வர்ற பிள்ளைங்களையே பாருங்க. பார்வை ரொம்ப மங்கலா இருக்குற ஒரு தங்கச்சி பி.ஏ. தமிழ் படிக்குது. கையில லேப்டாப் இருக்கு. எழுத்தைப் பெருசாக்கி வச்சா அந்தச் சின்ன ஸ்கிரீன்ல ஒரு நேரத்துக்கு ரெண்டு மூணு வார்த்தைதான் தெரியுது, ஒரு வரி படிக்க இடதும் வலதும் இழுத்துக்கிட்டே இருக்கணும், அரை மணி நேரத்துல கண்ணுல தண்ணி வந்து தலைவலி வந்துடுது. அதுக்கு வேண்டியது இன்னொரு லேப்டாப் இல்ல, ஒரு பெரிய மானிட்டரும், பக்கத்தைச் சத்தமா வாசிச்சுக் காட்டுற சாப்ட்வேரும்தான். என்விடிஏனு ஒண்ணு இருக்கு, ஆஸ்திரேலியாவுல 2006ல பார்வையில்லாதவங்களே ஆரம்பிச்சது, காசே கிடையாது, தமிழும் படிக்கும். இது அந்தப் பிள்ளைக்கு காலேஜ்ல யாரும் சொல்லல, என் கடையில போட்டுக் காட்டுனப்ப அது முகத்துல பார்த்த சந்தோஷத்தை என்னால எழுத முடியல.

காது கேக்காத பையனுக்கு மெஷின் இருக்கு. வீட்டுல பக்கத்துல நின்னு பேசுனா நல்லாவே கேக்குது, ஆனா கிளாஸ்ல வாத்தியார் அந்தக் கோடியில பேசுறாரு, மேல பேன் கடகடனு ஓடுது, மெஷின் பேன் சத்தத்தையும் சேர்த்துத்தான் பெருசாக்கிக் குடுக்குது. இதுக்கு வாத்தியார் சட்டையில மாட்டிக்கிற சின்ன மைக் இருக்கு, அவர் குரல் நேரா பையன் காது மெஷினுக்குப் போயிடும். இந்த மாதிரி ஒரு சாமான் இருக்குறதே அவங்க வீட்டுக்குத் தெரியாது, தெரியாததை எப்படி அப்ளிகேஷன்ல எழுதிக் கேப்பாங்க? கை நடுக்கம் இருக்குற பிள்ளைக்கும் அப்படித்தான். சாதா மவுஸைப் புடிக்க முடியாது, உருட்டுற பந்து வச்ச மவுஸோ, பேசுனா டைப் ஆகுற வசதியோ, டேபிள் உயரம் சரியா இருக்குறதோ எது தேவைங்கறது அந்தப் பிள்ளையை உக்கார வச்சுப் பார்த்தாத்தான் தெரியும்.

நம்ம கடக்கரைக்குனே ஒரு தொந்தரவு இருக்கு, சென்னையில உக்காந்து டெண்டர் போடுறவங்களுக்கு இது தெரியாது. உப்புக்காத்து. வீல்சேர் பேரிங் துருப்பிடிக்குது, சார்ஜர் பின்ல பச்சை பூக்குது, காது மெஷின் ஈரம் ஏறி நின்னுபோகுது. கச்சான் காத்து அடிக்கிற மாசங்கள்ல கீபோர்டு பூரா மணல். காது மெஷினை ராத்திரி ஈரம் உறிஞ்சுற பாக்கெட்டோட மூடி வைக்க ஒரு டப்பா குடுத்தா ரொம்ப நாள் உழைக்கும், அது பெரிய செலவும் இல்ல. ரிப்பேர்னா மதுரைக்குத்தான் ஓடணும், அதுக்குள்ள செமஸ்டர் முடிஞ்சிடும். சாமான் குடுக்குற அன்னைக்கு போட்டோ எடுக்குறாங்களே, அது ரிப்பேரானா யார்கிட்ட போகணும்னு ஒரு போன் நம்பரும் சேர்த்துக் குடுக்கலாமே.

இங்கிலாந்துல இதை வேற மாதிரி பண்றாங்க. யூனிவர்சிட்டி படிக்கிற மாற்றுத்திறனாளி மாணவங்களுக்குனு அரசு உதவித்தொகை ஒண்ணு இருக்கு, குடும்ப வருமானத்தைப் பார்க்கமாட்டாங்க, திருப்பிக் கட்டவும் வேணாம். சாமான் வாங்குறதுக்கு முன்னாடி ஒரு ஆள் மாணவரோட உக்காந்து, என்ன படிக்கிற, நோட்ஸ் எடுக்குறதுல என்ன சிரமம், பரீட்சையில என்ன சிரமம்னு பேசி, இன்ன இன்ன வேணும்னு எழுதிக் குடுப்பாங்க. அதைப் பயன்படுத்தச் சொல்லிக் குடுக்குறதும் அதுலயே சேர்த்தி. கம்ப்யூட்டர் வேணும்னா முதல் 200 பவுண்டு மாணவர் போடணும், அதுவும் சேர்த்தே சொல்லிடுறேன். அவங்க அளவுக்கு நம்மகிட்ட காசு இல்லனு சொல்லலாம், ஆனா உக்காந்து கேக்குறதுக்கு காசு எதுக்கு?

சாமான் மட்டும் இருந்து பிரயோஜனமும் இல்ல. காலேஜ்ல குடுக்குற நோட்ஸ் பாதி பழைய பாண்ட்ல, அதாவது பழைய எழுத்துருவுல, டைப் அடிச்சது, மீதி போன்ல போட்டோ எடுத்து பிடிஎப் ஆக்குனது. பழைய பாண்ட்னா, வாசிச்சுக் காட்டுற சாப்ட்வேர் ஏதோ இங்கிலீஷ் எழுத்து மாதிரி உளறும், போட்டோன்னா வாயே திறக்காது. எல்லா கம்ப்யூட்டருக்கும் பொதுவான எழுத்து முறையான யூனிகோடை தமிழ்நாடு அரசு 2010லயே ஏத்துக்கிச்சு, இன்னும் எதுக்கு பழைய பாண்ட்? பேராசிரியர்கள் நோட்ஸை யூனிகோடுல அடிச்சு அனுப்புனாலே பார்வையில்லாத பிள்ளைங்களுக்கு பாதி உபகரணம் கிடைச்ச மாதிரி.

அப்புறம் பரீட்சை. வருஷம் பூரா கம்ப்யூட்டர்ல படிச்சு பழகுன பிள்ளையை பரீட்சை அன்னைக்கு மட்டும் சொல்றதைக் கேட்டு எழுதுற ஆளைக் கூட்டிட்டு வானு சொல்றாங்க. மீனவ கிராமத்துல அந்த நேரத்துக்கு ஆள் தேடி அலையுற அம்மாக்களை நான் பார்க்குறேன். மத்திய அரசோட 2018 வழிகாட்டுதல்லயே கம்ப்யூட்டர்ல எழுத அனுமதிக்கலாம்னு இருந்துச்சு, ஒரு மணி நேரத்துக்கு 20 நிமிஷத்துக்குக் குறையாம கூடுதல் நேரமும் இருந்துச்சு. 40 சதவீதம் இல்லனா உதவி கிடையாதுனு திருப்பி அனுப்புற இடங்களும் இருக்கு, ஆனா 2021 பிப்ரவரியில விகாஷ் குமார் வழக்குல சுப்ரீம் கோர்ட் அது தப்புனு தெளிவா சொல்லிருச்சு, 40 சதவீதம் இல்லாதவருக்கும் எழுத ஆள் வச்சுக்க உரிமை உண்டுனு தீர்ப்பு.

நான் கேக்குறது பெரிய விஷயம் இல்ல. அட்மிஷன் பாரத்துல மாற்றுத்திறனாளியானு ஒரு கட்டம் இருக்குல்ல, அதுக்குக் கீழ படிக்க உனக்கு என்ன தேவைனு இன்னொரு கேள்வி வைங்க, டிக் போட்ட பிள்ளையை முதல் மாசத்துக்குள்ள கூப்பிட்டுப் பேசுங்க. விலை கூடுன சாமானை காலேஜ்லயே ஒரு ரூம்ல வச்சு லைப்ரரி புத்தகம் மாதிரி இரவல் குடுங்க, சரிப்படலனா மாத்திக்கலாம். நம்ம மாவட்டத்து காலேஜ்கள் சேர்ந்திருக்குற காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்துல சிறப்புக் கல்விக்குனு ஒரு துறையே இருக்கு, அங்க படிக்கிறவங்க வருஷத்துக்கு ஒரு தடவை ராமேஸ்வரம், கீழக்கரை, தொண்டி பக்கம் வந்து பிள்ளைங்களைப் பார்த்து எழுதிக் குடுத்தாகூட எவ்வளவோ நடக்கும். அதுவும் ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடி தடைக்காலம், அட்மிஷனும் அதே சமயம்தான் வருது, வீட்டுல பத்து பைசா இருக்காது, சொந்தக் காசுல வாங்கிக்கனு அப்ப சொல்றது கொடுமை.

பெத்தவங்களுக்கும் ஒண்ணு சொல்லணும். யூடிஐடி கார்டை பிளஸ் டூ முடியுறதுக்குள்ளயே எடுத்து வச்சிருங்க, பரிசோதனைக்கு நாள் கிடைக்கவே தாமதமாகும். புத்தகம் படிக்க முடியாதவங்களுக்குனு 2016ல ஆரம்பிச்ச சுகம்ய புஸ்தகாலயானு ஆன்லைன் நூலகம் இருக்கு, பதிவு பண்ணிக்குங்க. காலேஜ்ல எது வேணும்னாலும் வாயால கேக்காதீங்க, 16வது பிரிவைக் குறிப்பிட்டு எழுதிக் குடுத்து, நகல்ல சீல் போட்டு வாங்கிக்குங்க, ஒரு நகலை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கும் அனுப்புங்க. எழுதத் தெரியலனா என் கடைக்கு வாங்க, இந்த லெட்டருக்கு நான் காசு வாங்குறதில்ல.

இப்படிக்கு,
மண்டபத்திலிருந்து ஒரு வாசகி