பால் தரும் மரத்தைச் சாய்ப்பார்களா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு பதிப்பில், கணினி விளையாட்டுகளின் அடுத்தடுத்த பாகங்களைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். தமிழ் நாளிதழ் ஒன்று இந்தப் பொருளுக்கு அரைப் பக்கம் ஒதுக்கியதில் மகிழ்ச்சி. ஆனால் ரசிகர்களின் ஏமாற்றமெல்லாம் இளமைக் கால ஏக்கம்தான், மாற்றத்தை ஏற்க மனமில்லாதவர்களின் புலம்பல்தான் என்ற பொருளில் கட்டுரையாளர் முடித்திருக்கிறார். அதை என்னால் ஏற்க முடியவில்லை. எங்கள் கோபம் மாற்றத்தின் மேல் அல்ல. அது வேறு.

நான் மலேசியாவின் கெடா மாநிலம் பீடோங் அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். 2004, 2005 வாக்கில் பள்ளி விடுமுறை வந்தால் எங்களுக்குப் போக்கிடம் பட்டணத்துக் கடைவரிசையின் மாடியில் இருந்த இணைய மையம். மணிக்கு இரண்டு வெள்ளி (ரிங்கிட்). இந்தப் பக்கம் ஐந்து பேர், அந்தப் பக்கம் ஐந்து பேர். தோட்டத்துத் தமிழ்ப் பையன்கள், பட்டணத்துச் சீனப் பையன்கள், கம்பத்து மலாய்ப் பையன்கள் எல்லாரும் கலந்து உட்கார்ந்து ஆடியது டோட்டா. அதை எந்த நிறுவனமும் தயாரித்து விற்கவில்லை. பிளிசார்ட் நிறுவனம் 2002இல் வார்கிராஃப்ட் 3 விளையாட்டை வெளியிட்டபோது, புதிய களங்களை அமைக்கும் கருவி ஒன்றையும் சேர்த்தே கொடுத்தது. அந்தக் கருவியைக் கொண்டு ரசிகர்கள் அமைத்த களம்தான் டோட்டா. ஒருவர் தொடங்கினார், இன்னொருவர் விரிவாக்கினார், மற்றொருவர் ஆண்டுக்கணக்கில் செப்பனிட்டார். ஒருவருக்கும் சம்பளம் கிடையாது. புதிய பதிப்பு வந்துவிட்டது என்றால் யாராவது ஒருவன் பென் டிரைவில் கொண்டு வருவான். அன்று மாலைக்குள் மையத்தின் எல்லாக் கணினிகளிலும் ஏறிவிடும். எங்களில் பாதிப் பேருக்கு வார்கிராஃப்டின் மூலக் கதையே தெரியாது. டோட்டாவுக்காகத்தான் அந்த விளையாட்டு எங்கள் ஊரில் அத்தனை ஆண்டுகள் உயிரோடு இருந்தது.

இதை நீட்டிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரு நல்ல விளையாட்டில் பாதியை நிறுவனம் உருவாக்குகிறது, மீதியை ஆடுகிறவர்கள் உருவாக்குகிறார்கள். அடுத்த பாகம் போடுகிறவர்கள் மறந்துபோவது அந்த மீதிப் பாதியைத்தான்.

2018இல் வார்கிராஃப்ட் 3ஐப் புதுப்பித்து ரீஃபோர்ஜ்டு என்ற பெயரில் தரப்போவதாக அறிவித்தார்கள். கதைக் காட்சிகள் புதிதாக எடுக்கப்படும் என்று மாதிரியும் காட்டினார்கள். 2020 ஜனவரி 28 அன்று வெளிவந்தபோது அந்தக் காட்சிகள் இல்லை. அது போகட்டும். முன்பிருந்த தரவரிசைப் போட்டி இல்லை, குழு அமைக்கும் வசதி இல்லை, ரசிகர்கள் எழுதிய தொடர்கதைகளைத் திறக்க வழி இல்லை. இவற்றில் சில திரும்பிவர 2022 ஆயிற்று. பழைய விளையாட்டைக் காசு கொடுத்து வாங்கியிருந்தவர்களும் நிறுவனத்தின் இணையச் சேவையில் ஆடுவதற்குப் புதிய மென்பொருளுக்கே மாற வேண்டியிருந்தது. பணத்தைத் திருப்பிக் கேட்டவர்களுக்கு நிறுவனம் திருப்பிக் கொடுத்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் மனத்தில் ஆறாமல் கிடப்பது வேறொன்று. ரசிகர்கள் அமைக்கும் களங்கள் யாவும் நிறுவனத்துக்கே சொந்தம் என்று அப்போது விதிமுறையில் எழுதி வைத்தார்கள். டோட்டா பிறந்த வீட்டில், இனி பிறக்கும் பிள்ளையெல்லாம் எங்களுடையது என்று வாசலில் எழுதி ஒட்டியதாகவே அதை நான் படித்தேன்.

என் அப்பா முப்பது ஆண்டுகள் பால்மரம் சீவியவர். தோட்டத்தில் மறுநடவு எப்படி நடக்கும் என்பதை அவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பால் வற்றிய மரங்களைத்தான் சாய்ப்பார்கள். அதையும் தோட்டம் முழுவதும் ஒரே நேரத்தில் செய்ய மாட்டார்கள். ஒரு பக்கம் கன்று வளர்ந்துகொண்டிருக்கும்போது மறுபக்கத்து நிரையில் பால் பிடிக்கும் மங்கு நிறைந்துகொண்டுதான் இருக்கும். நட்ட கன்று சீவுக்கு வர ஆறேழு ஆண்டு ஆகும் என்பது கங்காணி முதல் துரை வரை எல்லாருக்கும் தெரியும்.

விளையாட்டு நிறுவனங்களுக்கு இது தெரியவில்லை. பிளிசார்டின் ஓவர்வாட்ச், 2016இல் காசுக்கு விற்கப்பட்ட, இணையத்தில் அணிகள் மோதும் விளையாட்டு. 2022 அக்டோபர் 3 அன்று அதன் சேவையகங்களை நிறுத்தினார்கள். மறுநாள் இரண்டாம் பாகம் வந்தது. பழையதைத்தான் ஆடுவேன் என்று ஒருவர் நினைத்தாலும் ஆட இடமில்லை. ஓர் அணிக்கு ஆறு பேர் என்பது ஐந்தாகியிருந்தது. சரி, இரண்டாம் பாகம் என்று தனியாக ஒன்று எதற்கு? நண்பர்கள் சேர்ந்து கணினியை எதிர்த்து ஆடும் பெரிய கதைப் பகுதி வருகிறது, நாயகர்களின் திறமைகளை வளர்த்துக்கொள்ளலாம் என்று 2019இலேயே சொல்லியிருந்தார்கள். 2023 மே மாதம் அந்தத் திட்டத்தின் முக்கியப் பகுதியைக் கைவிட்டதாக அறிவித்தார்கள். எந்த வாக்குறுதிக்காகப் பழைய மரம் சாய்க்கப்பட்டதோ, அந்தக் கன்று நடப்படவே இல்லை.

தோட்டப்புறத்தில் இருப்பவர்களுக்கு மட்டுமே முழுதாகப் புரியும் இன்னொரு வேதனையும் இருக்கிறது. 2013 மார்ச்சில் வந்த சிம்சிட்டி, நகரம் அமைக்கும் விளையாட்டு. முந்தைய பாகங்களில் தனியாக உட்கார்ந்து, விடிய விடிய ஊரைக் கட்டிக்கொண்டிருக்கலாம். புதியதை ஆட எப்போதும் இணையத் தொடர்பு வேண்டும் என்றார்கள். வெளியான நாள்களில் சேவையகங்கள் தாங்கவில்லை. உலகமெங்கும் வாங்கியவர்கள் வாசலிலேயே நின்றார்கள். நகரத்துக்கு ஒதுக்கிய நிலமும் இரண்டு கிலோமீட்டருக்கு இரண்டு கிலோமீட்டர்தான். இணையம் இல்லாமல் ஆடும் வசதியைக் கொடுக்க ஓராண்டு ஆயிற்று. கமாண்ட் அண்ட் காங்கர் என்ற போர் விளையாட்டு வரிசையின் நான்காம் பாகமும் 2010இல் இதே போல எப்போதும் இணையத் தொடர்பு கேட்டது. போதாததற்கு, 1995 முதல் அந்த வரிசைக்கு உயிராக இருந்த தளம் கட்டும் வேலையையே எடுத்துவிட்டது. எங்கள் தாமான் குடியிருப்பில் மழை இருட்டிக்கொண்டு வந்தாலே இணையம் போய்விடும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் தீபாவளிக்கு என் மகன் ஆசைப்பட்டுக் கேட்ட ஒரு விளையாட்டின் இரண்டாம் பாகத்தை இருநூறு வெள்ளிக்கு மேல் கொடுத்து வாங்கினேன். வட்டுக்குள் இருந்தது பாதிகூட இல்லை. மீதியை இறக்கி முடிக்க நான்கு நாள் பிடித்தது. பண்டிகை முடிந்து உறவினர்கள் எல்லாரும் ஊர் திரும்பிய பிறகுதான் அவன் அதைத் திறந்தான். அவன் வாடிய முகத்தோடு திரையில் ஊர்ந்த கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்ததை இளமைக் கால ஏக்கம் என்று யாரும் சொல்ல முடியாது. அவனுக்கு வயது பதினொன்று.

காற்பந்து ரசிகர்களை விட்டுவிட முடியாது. நம் நாட்டில் வின்னிங் இலெவன் ஆடாத காற்பந்துப் பிரியர் குறைவு. மாஸ்டர் லீக் பகுதியில் யாருக்கும் தெரியாத ஆட்டக்காரர்களை வைத்துக்கொண்டு பருவம் பருவமாக அணியைத் தூக்கி நிறுத்துவதில் இருந்த சுகம் வேறு எதிலும் வராது. அதன் வழிவந்த இஃபுட்பால் 2022, 2021 செப்டம்பர் 30 அன்று வந்தபோது ஒன்பது கிளப்புகள் மட்டுமே இருந்தன. மாஸ்டர் லீக் இல்லை. ஆட்டக்காரர்களின் முகங்கள் விகாரமாகத் தெரிந்தன. கோனாமி நிறுவனமே மன்னிப்புக் கேட்டது.

மாற்றம் பிடிக்காதவர்கள் நாங்கள் என்ற குற்றச்சாட்டுக்கு இனி வருகிறேன். அரசுகளைக் கட்டி எழுப்பிப் போரிடும் விளையாட்டான ஏஜ் ஆஃப் எம்பயர்ஸின், 1999இல் வந்த இரண்டாம் பாகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மூன்றாம் பாகம் 2005இல் வந்தது. அறுவடையைக் களஞ்சியத்துக்குச் சுமந்து செல்ல வேண்டியதில்லை, தாய்நகரத்திலிருந்து சீட்டுகள் வழியாக உதவி வரும் என்று பலவற்றை மாற்றினார்கள். பலருக்குப் பிடிக்கவில்லை, சிலருக்குப் பிடித்தது. எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் இரண்டாம் பாகத்தை யாரும் எங்களிடமிருந்து பிடுங்கவில்லை. ரசிகர்கள் தாங்களாகவே புதிய நாடுகளைச் சேர்த்து ஒரு விரிவாக்கம் செய்தார்கள். அது 2013இல் அதிகாரபூர்வமாகவே வெளியிடப்பட்டது. அந்த ரசிகர்களே தொடர்ந்து வேலைக்கு அமர்த்தப்பட்டார்கள். 2016இல் மலாய் அரசு சேர்ந்தது. 2019இல் விளையாட்டு முழுவதும் புதுப்பிக்கப்பட்டது. 2022 ஏப்ரலில், அதுவரை இந்தியர் என்று ஒரே பெயரில் இருந்ததைப் பிரித்து, திராவிடர், வங்காளர், கூர்ஜரர் எனத் தனித்தனியாகச் சேர்த்தார்கள். ராஜேந்திர சோழனை நாயகனாக வைத்து ஒரு தொடரும் வந்தது.

கணினியில் சுருள்வாள் வீரனைச் சொடுக்கியதும் அவன் தமிழில் பதில் சொன்னான். அடுக்களையில் இருந்த என் அம்மா யாரோ வந்திருக்கிறார்கள் என்று எட்டிப் பார்த்தார். ராஜேந்திரன் 1025இல் கப்பற்படை அனுப்பி வென்ற கடாரம் என்பது நாங்கள் குடியிருக்கும் இதே கெடாதான் என்று மகனுக்குச் சொன்னேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே மெர்போக்கில் உள்ள பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகத்துக்கு அழைத்துப்போகச் சொன்னான், போனோம். இருபது ஆண்டு கடந்த விளையாட்டு இது. இதில் எத்தனையோ மாறியிருக்கிறது. நாங்கள் ஒன்றுக்கும் முகம் சுளிக்கவில்லை. டோட்டாவை எடுத்து நடத்திய ரசிகரையே வேலைக்கு அமர்த்தி வால்வ் நிறுவனம் 2013இல் டோட்டா 2 வெளியிட்டபோதும் எங்கள் மையத்துப் பையன்கள் மகிழ்ச்சியோடுதான் போனார்கள்.

கட்டுரையாளர் இதையெல்லாம் கணக்கில் எடுத்து இன்னொரு முறை எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். தங்களுக்கும் ஒரு வேண்டுகோள். வாரந்தோறும் திரைப்பட விமர்சனம் வெளியிடுகிறீர்கள். சினிமா டிக்கெட்டைவிடப் பத்து மடங்கு விலை கொடுத்துத்தான் பெற்றோர் பிள்ளைகளுக்கு விளையாட்டு வாங்கித் தருகிறார்கள். புதிய பாகம் வரும்போது, அது இணையம் இல்லாமல் ஓடுமா, வட்டில் முழுதாக இருக்கிறதா, பழையது தொடர்ந்து இயங்குமா என்ற மூன்று விவரங்களையாவது தமிழில் போடுங்கள். எழுத ஆள் இல்லையென்றால் நானே எழுதி அனுப்புகிறேன். சன்மானம் வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகன்,
பீடோங், கெடா.